நிலத்துக்கு ஒரு குதிரை

குதிரை தென்னாட்டில் எளிதிற் பெருகாத செல்வமாகவே நெடுங்காலம் இருந்தது. பாண்டிய மன்னர்கள் ஆண்டுதோறும் கடல்வழியே குதிரைகளை வருவித்ததையும், பேணும் முறை அறியாமையால் அவற்றுட் பல மடிந்ததையும் மார்க்கோ போலோ எழுதி வைத்துள்ளார். பின்னாளில் ஆங்கிலேயரும் இக்குறையை உணர்ந்தனர். பீகாரிலுள்ள பூசாவில் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய குதிரைப் பண்ணைக்கு 1808இல் தலைமை ஏற்ற வில்லியம் மூர்கிராப்ட், நல்லினக் குதிரை தேடிப் புகாரா வரை சென்று, 1825இல் திரும்பும் வழியிலேயே உயிர் நீத்தார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் ஆஸ்திரேலியக் குதிரைகளையே படை பெரிதும் நம்பியிருந்தது.

உழவனிடமே இப்பணியை ஒப்படைத்தால் என்ன என்னும் எண்ணம் வலுப்பெற்ற காலத்தில், 1901இல், பஞ்சாபின் கீழ் ஜீலம் கால்வாய் திறக்கப்பட்டது. வறண்ட புதர்நிலம் நீர் கண்டது. 1903இல் சர்கோதா நகரும் தோன்றியது. ஆனால் அங்குக் குடியேறிய உழவர் பலருக்கு நிலம் ஒரு நிபந்தனையோடு வந்தது. அதிகாரிகள் ஏற்கத்தக்க பெட்டைக்குதிரை ஒன்றை அவர்கள் வைத்துப் பேணுதல் வேண்டும். அதனை அரசின் பொலிகுதிரையோடு சேர்த்துக் குட்டி ஈனச் செய்தல் வேண்டும். இம்முறையை மக்கள் 'கோரிபால்' என வழங்கினர். 'கோரி' என்பது பெட்டைக்குதிரை.

ஜெர்மனியின் செல்லே நகரில் 1735இல் நிறுவப்பட்ட அரசுப் பண்ணையும் உழவரின் குதிரைகளுக்குப் பொலிகுதிரைகளை அளித்ததே. ஆயினும் அங்கு உழவன் தன் குதிரையைத் தன் ஏரில் பூட்டினான். பஞ்சாபிலோ ஏர் இழுத்தது எருது. குதிரை தீவனத்தை உண்டதேயன்றி உழவுக்குத் தோள் கொடுக்கவில்லை. படைக்குத் தேவையான ஒன்றைத் தன் கொல்லையில் வளர்க்கும் பொறுப்பு சிறு உழவன் தலையில் விழுந்தது. இதனை உதவி என்பதா, கூலி என்பதா?

இதனினும் ஆழமாக உறுத்தியது வாரிசு விதி. நிலத்தைப் புதல்வர் அனைவரும் பகிர்ந்துகொள்வது அந்நாட்டு வழக்கம். துண்டுபட்ட நிலம் குதிரைக்குத் தீனியிடாது என்று கருதிய அரசு, நிலம் பிளவுபடாமல் ஒருவனுக்கே சேரல் வேண்டும் என விதித்தது. ஒரு குதிரையின் பொருட்டு, உடன்பிறந்தார் பலர் தந்தை திருத்திய மண்ணில் உரிமையற்றவராயினர்.

அண்டையிலிருந்த செனாப் குடியேற்றத்திலும் கட்டுப்பாடுகளை இறுக்க முனைந்த சட்டமுன்வரைவு 1907இல் பெருங்கிளர்ச்சியை மூட்டியது. அரசப் பிரதிநிதி மின்டோ அதற்கு இசைவு தர மறுத்தார். 1912ஆம் ஆண்டுச் சட்டம் சாதாரணக் குடியேற்ற உழவர் நிலவுடைமை பெற வழி திறந்தது. குதிரை நிபந்தனைக்கு உட்பட்ட ஜீலம் உழவர்க்கோ அவ்வழி திறக்கவில்லை. 1947இல் சர்கோதா பாகிஸ்தானுக்குரியதாயிற்று. ஆட்சி மாறிய பின்னரும் கோரிபால் நிலங்கள் அப்பெயரோடே அங்கு நீடித்தன.