முற்றத்துக்கு வந்த பள்ளி

ஏழைப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை இல்லை என்ற குறை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அது எவ்வளவு தவறானது என்பதை மராட்டியக் கடலோரக் கிராமமான போர்டி காட்டியது. குஜராத்தின் பவநகரில் கல்வியாளர் கிஜுபாய் பதேகாவுடன் பணியாற்றிய தாராபாய் மோடக், 1945இல் அங்கே குழந்தைக் கல்விப் பணியைத் தொடங்கினார்; அனுதாய் வாக் அவருடன் சேர்ந்தார். சேரிப் பிள்ளைகளும் ஆதிவாசிப் பிள்ளைகளும் பள்ளியைத் தேடி வரவில்லை. பெரியவர்கள் கூலிக்குப் போய்விட்டால் கைக்குழந்தை அக்காவின் இடுப்பில். மாடு அண்ணன் பொறுப்பில். சின்னவர்களைக் கொண்டுவந்து விட ஆளேது? ஆகவே பள்ளியே அவர்களுடைய வீட்டு முற்றத்துக்குப் போனது. அங்கன்வாடி பிறந்தது இப்படித்தான்.

முற்றத்தில் நடந்தால் கல்வியின் தரம் குறையாதா என்று கேட்கலாம். 1939இல் அடையாறுக்கு வந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் முறைக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியிருந்தன. புலன்களைப் பழக்கும் அவரது நோக்கத்தைக் கைவிடாமல், விதை, சிப்பி, இலை, கூழாங்கல் ஆகியவற்றைக் கொண்டே தாராபாய் பாடம் அமைத்தார். இதில் குடும்பத்துக்கும் ஆதாயம் இருந்தது: கண்ணெதிரே, தமக்குப் பழகிய பொருள்களால் நடக்கும் பாடத்தைத் தாய்மார் பார்த்துப் புரிந்துகொள்ள முடிந்தது. பின்னர் கோஸ்பாடு மலையில் குழந்தைக் காப்பகம், பாலர் பள்ளி, தொடக்கப் பள்ளி மூன்றும் ஒரே வளாகத்தில் அமைந்தன. தம்பியைக் காப்பகத்தில் விட்டுவிட்டு அக்கா வகுப்பில் உட்கார முடிந்தது. மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் வெளியிலேயே வகுப்பு நடந்தது.

அர்ப்பணிப்பு மிக்க இரு பெண்கள் செய்ததை நாடு முழுவதும் செய்ய முடியுமா என்பது வலுவான மறுப்பு. 1975 அக்டோபர் 2இல் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், அங்கன்வாடியை நாடெங்கும் கொண்டுசென்றது. சத்துணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, கல்வி எனப் பல பணிகள் ஒரே ஊழியரின் தலையில் விழுந்தன. பணிகள் பெருகியபோது, குடும்பத்தின் அன்றாடத்துக்கு ஏற்ப நேரத்தையும் இடத்தையும் மாற்றிக்கொள்ளும் பழைய வழக்கம் பின்தங்கியது. ஆனால் அந்த வழக்கத்துக்கு மேதைமை தேவையில்லை; ஊழியருக்கு ஓய்வான நேரமும் தானே முடிவெடுக்கும் உரிமையும் போதும். பெற்றோர் கூட்டத்துக்கு வராத தாயைக் குறை சொல்லும் முன், அவள் வேலைக்குக் கிளம்பும் வேளையில் மையம் திறந்திருக்கிறதா என்று அரசு தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.