வீடு மாறப் போறீங்களா? வண்டியில் ஏத்தக் கூடாத பை எது தெரியுமா?

பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ், பாத்திரம்... வீடு மாறும்போது எல்லாத்துக்கும் கணக்கு இருக்கும். ஆனா, பத்திரமும் சர்டிஃபிகேட்டும் எந்த அட்டைப்பெட்டியில போச்சுன்னு கேட்டா பல வீடுகளில் பதில் இருக்காது. அவசரத்தில் பழைய பேப்பர் கட்டோடு எடைக்குப் போய்விடும் ஆபத்தும் உண்டு.

உடைந்த டிவியை மாற்றிவிடலாம். அசல் கிரயப் பத்திரம் தொலைந்தால் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம், 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற சான்று என அலைய வேண்டியிருக்கும்.

மூணா பிரிங்க

ஒரு வாரம் முன்பே எல்லா ஆவணங்களையும் வெளியே எடுத்து மூன்றாகப் பிரிப்பது நல்லது.

* அசல் மட்டுமே செல்லுபவை: கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், மார்க்‌ஷீட், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், இன்சூரன்ஸ் பாண்டு.
* போனதும் தேவைப்படுபவை: ஆதார், ரேஷன் கார்டு, வண்டி ஆர்சி, கேஸ் புக், மருத்துவ ஃபைல், பிள்ளைகளின் டிசி, புது வாடகை ஒப்பந்தம்.
* பழைய வீட்டுக் கணக்கு: பழைய ஒப்பந்தம், அட்வான்ஸ் கொடுத்த ரசீது, கடைசி கரண்ட் பில். அட்வான்ஸ் முழுசா கைக்கு வரும்வரை இவற்றைக் கிழிக்க வேண்டாம். சாவியைக் கொடுக்கும் முன் மீட்டர் ரீடிங்கையும் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

எப்படி எடுத்துச் செல்வது?

தண்ணீர் புகாத ஜிப் கவரில் போட்டு, ஒரே பையில் வையுங்கள். உள்ளே என்ன இருக்கு என்ற பட்டியல் ஒன்று பையில், இன்னொன்று செல்போனில். இந்தப் பை சாமான் வண்டியில் ஏறக் கூடாது. வீட்டில் ஒருவர் கையிலேயே வர வேண்டும். பாதுகாப்புக்குன்னு அசலை லேமினேட் செய்ய வேண்டாம். பின்னாளில் அட்டெஸ்டேஷன் முத்திரை வைப்பதில் சிக்கல் வரும்.

டிஜிலாக்கர் போதுமா?

அரசுத் துறைகளே டிஜிலாக்கரில் வழங்கும் ஆவணங்கள் சட்டப்படி அசலுக்குச் சமம். ஆனா நாமே ஸ்கேன் செய்து ஏற்றும் நகலுக்கு அந்த மதிப்பு கிடையாது. அது அவசரத்துக்கு எண்ணைப் பார்க்க மட்டுமே உதவும்.

முகவரி மாற்றம்: எதுக்கு எங்கே?

* வாக்காளர் அட்டை: படிவம் 8. தொகுதி மாறினாலும் இதே படிவம்தான்.
* வண்டி ஆர்சி: மோட்டார் வாகனச் சட்டப்படி 30 நாட்களுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.
* ரேஷன் கார்டு: உணவுப்பொருள் வழங்கல் துறை இணையதளம் அல்லது இ-சேவை மையம்.
* கேஸ்: வேறு ஊர் என்றால் சிலிண்டர், ரெகுலேட்டரைப் பழைய ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டையும் அதற்கான வவுச்சரையும் வாங்கிக் கொள்ள வேண்டும். புது ஊரில் இணைப்பு பெற அந்த வவுச்சர் அவசியம்.
* பாஸ்போர்ட்: பேனாவால் திருத்த முடியாது. மறு வழங்கலுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

தொலைஞ்சே போச்சுன்னா?

லைசென்ஸ், ஆர்சி, கல்விச் சான்றிதழ் போன்றவை காணாமல் போனால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே 'தொலைந்த ஆவண அறிக்கை' பதிவு செய்யலாம். பதிவு செய்த பத்திரத்துக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். ஆனா வங்கிக் கடனிலும் விற்பனையிலும் 'அசல் எங்கே?' என்ற கேள்வி வரும்.

அதனால, புது வீட்டில் பால் காய்ச்சும் முன்பே அந்தப் பை எங்கே இருக்கணும்னு முடிவு பண்ணிடுங்க. அந்த இடம் வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.