அயர்லாந்தில் இராணுவ ஊதியமும் இணையப் பாதுகாப்பும்

அயர்லாந்து ஏறத்தாழ 50 இலட்சம் மக்கள் வாழும் சிறிய ஐரோப்பிய நாடு. எந்த இராணுவக் கூட்டணியிலும் அது சேரவில்லை. அதனால் பாதுகாப்புக்கான செலவு அங்கு நீண்ட காலம் குறைவாகவே இருந்து வந்தது. பயிற்சி பெற்றவர்களைக் குறைந்த ஊதியத்தில் தக்கவைக்க முடியுமா என்ற கேள்வியை அந்நாடு முதலில் படைமுகாம்களிலும், பின்னர் கணினிப் பாதுகாப்பிலும் எதிர்கொண்டது.

மனைவியரின் போராட்டம்

1980களின் இறுதியில் அயர்லாந்துப் படைவீரர்களின் ஊதியம் குடும்பம் நடத்தப் போதுமானதாக இல்லை. வீரர்கள் பொதுவெளியில் போராடச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே அவர்களின் மனைவியர் சங்கம் அமைத்தனர். 1989 பொதுத் தேர்தலில் அச்சங்கத்தின் சார்பில் வேட்பாளர்களையும் நிறுத்தினர். அதே ஆண்டில் அரசு ஊதிய ஆணையம் ஒன்றை அமைத்தது. 1990-ல் நிறைவேறிய சட்டத் திருத்தம், படையினர் தமக்கெனப் பிரதிநிதித்துவ அமைப்புகளை ஏற்படுத்திக்கொள்ள வழி செய்தது.

ஊதியக் குறைப்பும் வெளியேற்றமும்

2008 நிதி நெருக்கடிக்குப் பின் அரசு ஊழியர் அனைவரின் ஊதியமும் குறைக்கப்பட்டது. படையின் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 9,500 ஆக நிர்ணயிக்கப்பட்டது. ஆனால் அந்த எண்ணிக்கையையும் நிரப்ப முடியவில்லை. பொருளாதாரம் மீண்டபோது பொறியாளர்களும் தொழில்நுட்ப வல்லுநர்களும் தனியார் துறைக்குச் சென்றனர். கூகுள், ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களின் ஐரோப்பியத் தலைமையகங்கள் டப்ளினில் இருந்ததால், கணினி அறிந்தவர்களுக்கு உள்ளூரிலேயே கூடுதல் ஊதியம் கிடைத்தது.

2019-ல் ஆள் பற்றாக்குறையால் கடற்படையின் இரண்டு கப்பல்கள் பணியிலிருந்து நிறுத்தப்பட்டன. அதே ஆண்டில் ஊதிய ஆணையம் இராணுவச் சேவைப் படியை 10 விழுக்காடு உயர்த்தப் பரிந்துரைத்தது. எனினும் வெளியேற்றம் நிற்கவில்லை. 2023 இறுதியில் படையினரின் எண்ணிக்கை 8,000-க்கும் கீழே இருந்தது.

2021 இணையத் தாக்குதல்

இதே சிக்கல் குடிமைத் துறையிலும் இருந்தது. தேசிய இணையப் பாதுகாப்பு மையம் 2011-ல் தொடங்கப்பட்டது. 2021-ன் தொடக்கத்தில் அதில் சுமார் 25 பேரே பணியாற்றினர். இயக்குநர் பதவிக்குச் சுமார் 89,000 யூரோ ஆண்டு ஊதியம் அறிவிக்கப்பட்டிருந்தது. அப்பதவி காலியாகவே கிடந்தது.

2021 மே 14 அன்று கோன்டி என்னும் குற்றக் கும்பல், நாட்டின் பொதுச் சுகாதாரச் சேவையின் கணினிகளை முடக்கிப் பிணைப்பணம் கேட்டது. மார்ச் மாதம் மின்னஞ்சலில் வந்த ஒரு கோப்பை ஊழியர் ஒருவர் திறந்ததே தொடக்கம். மருத்துவர்கள் காகிதத்துக்கும் பேனாவுக்கும் திரும்பினர். டப்ளினின் ரொட்டண்டா மகப்பேறு மருத்துவமனை, 36 வாரக் கர்ப்பத்தைக் கடந்தவர்கள் தவிர மற்றவர்களுக்கான வெளிநோயாளர் சந்திப்புகளை இரத்துச் செய்தது. அரசு பணம் தர மறுத்தது. சில நாட்களில் கும்பலே திறவுகோலைக் கொடுத்தது. இருந்தும் முழு மீட்சிக்கு ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆயின. மீட்புப் பணிக்கு இராணுவத் தகவல் தொடர்புப் பிரிவினரும் அழைக்கப்பட்டனர்.

பின்விளைவுகள்

2021 ஜூலையில் இயக்குநர் ஊதியம் 184,000 யூரோவாக உயர்த்தப்பட்டது. மையத்தின் பணியாளர்களை ஐந்தாண்டுகளில் 70 ஆக உயர்த்தவும் அரசு முடிவு செய்தது. 2022 பிப்ரவரியில் வெளியான பாதுகாப்புப் படைகள் ஆணைய அறிக்கை, இணையப் பாதுகாப்புக்கெனத் தனிக் கட்டளையகம் அமைக்கப் பரிந்துரைத்தது. பாதுகாப்புச் செலவை 2028-க்குள் 110 கோடி யூரோவிலிருந்து 150 கோடி யூரோவாக உயர்த்தவும், படையை 11,500 பேராகப் பெருக்கவும் அரசு ஒப்புக்கொண்டது.

மதிப்பீடு

2021 தாக்குதலுக்குக் குறைந்த ஊதியம் மட்டுமே காரணம் என்று கூற முடியாது. சுகாதாரச் சேவையின் பழைய கணினிகளும், அவற்றின் பாதுகாப்புக்குத் தனிப் பொறுப்பாளர் இல்லாமையும் பின்னர் நடந்த ஆய்வில் சுட்டிக்காட்டப்பட்டன. எனினும் மென்பொருளைப் போல அனுபவத்தை ஒரே நாளில் விலைக்கு வாங்க இயலாது. ஒரு தொழில்நுட்ப வீரரை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். அவர் விலகினால் அத்தனை ஆண்டுகளும் அவருடனேயே போய்விடும். ஊதியத்தில் மிச்சப்படுத்தியதைவிட மீட்புக்கு அதிகம் செலவாகும் என்பதை அயர்லாந்து நெருக்கடியின் வழியாகவே அறிந்துகொண்டது.