எண்டாவூரும் காரணையும்

தோழி ஒருத்தி மானுடவியலில் முதுகலை படிக்கிறாள். பரீட்சைகள் முடிந்தாச்சு, மிச்சம் ஆய்வேடு மட்டும்தான். மாமல்லபுரத்தை ஒட்டிய ஒரு காலனியில் நாலு மாதம் களப்பணி செய்தாள். போன மாதம் கூப்பிட்டு, "பாதிக்கு மேல எழுதிட்டேன்டா. ஆனா கேள்வியே தப்போன்னு இப்பதான் தோணுது" என்றாள். மென்பொருள்காரனான எனக்கு இந்தக் கலக்கம் புரியும். கோடு ஒழுங்காக ஓடும், ரிக்வயர்மென்ட்தான் தப்பாக இருக்கும். சொல்ல ஆறுதல் எதுவும் இல்லாததால், அவளைக் குழப்பிய புத்தகத்தை வாங்கிப் படித்தேன்.

எழுதியவர் மைக்கேல் மொஃபட். 1970களின் தொடக்கத்தில் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஆய்வு மாணவராக வந்த அமெரிக்கர். அந்தக் களப்பணியிலிருந்து பிறந்த நூலை 1979ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. புத்தகத்தில் ஊரின் பெயர் எண்டாவூர். ஆனால் அவர் பார்க்க வந்தது ஊரை அல்ல, சேரியை.

அவர் கையோடு கொண்டுவந்த கேள்வி பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோனுடையது. தூய்மை, தீட்டு என்கிற எண்ணமே சாதி முழுவதையும் கட்டி நிறுத்துகிறது என்று துய்மோன் 1966ல் எழுதியிருந்தார். அப்படியானால் அடியில் இருப்பவர்களும் அதை நம்புகிறார்களா? இதுதான் மொஃபட்டின் கேள்வி.

அவர் கண்டது சுவாரசியமானது. ஊர்ப் புரோகிதர் சேரிக்கு வரமாட்டார், ஊர் வண்ணார் சேரித் துணியைத் தொடமாட்டார். ஆகவே சேரிக்குள்ளேயே ஒரு சின்ன ஊர் உருவாகியிருந்தது. பறையருக்குப் புரோகிதம் செய்ய வள்ளுவப் பண்டாரம், துணி வெளுக்கத் தனி வண்ணார், அவர்களுக்கும் கீழே சக்கிலியர், குருவிக்காரர். தங்களை ஒதுக்கிய அதே அளவுகோலால் அவர்களும் ஒருவரையொருவர் அளந்துகொண்டார்கள். இதிலிருந்து மொஃபட் வந்த முடிவு: தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கும் சாதி அமைப்போடு அடிப்படையில் கருத்தொற்றுமை இருக்கிறது.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. அவர் கண்ணால் பார்த்ததில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒன்றைச் செய்வதும் அதை ஒப்புக்கொள்வதும் ஒன்றா? ஒவ்வொரு ஏப்ரலிலும் அப்ரைசல் படிவத்தில் என் டீம் ஆட்களுக்கு நானே ரேங்க் போடுகிறேன். அதைப் பார்த்து, நான் அந்த முறையை மனசார ஏற்றுக்கொண்டவன் என்று யாராவது ஆய்வேடு எழுதினால் சிரிப்பேன். (ரொம்ப லேசான உதாரணம், தெரியும். என் ரேங்க் என்னைச் செருப்பைக் கழற்றச் சொல்வதில்லை.)

இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் மொஃபட்டுக்கு முன்பே வேலை செய்தவர் ஜோன் மென்ச்சர். அவர் நெல் விவசாயத்தையும் கூலியையும் நிலவுடைமையையும் பின்தொடர்ந்தார். 1974ல் வந்த அவருடைய கட்டுரை சாதியைத் தலைகீழாகப் பார்த்தது, அதாவது அடியிலிருந்து. அங்கிருந்து பார்த்தபோது அவருக்குத் தெரிந்தது திறமையாக வேலை செய்யும் ஒரு சுரண்டல் முறை. அடியில் இருப்பவர்கள் அடங்கிப்போவதாக அவர் கண்டது கட்டாயத்தால், வேறு வழி இல்லாததால். கர்மவினையை நம்பியதால் அல்ல.

ஒரே மாவட்டம், ஏறக்குறைய ஒரே காலம். ஒருவர் திருவிழாவைப் பார்த்தார், இன்னொருவர் கூலியைக் கணக்குப் பார்த்தார். மென்ச்சர் பக்கம்தான் நான். அதற்குக் காரணம் இந்த மண்ணின் பழைய காகிதங்களிலேயே இருக்கிறது. 1891ல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். தரிசு நிலத்தில்கூட மிராசுதாருக்கே முதல் உரிமை, அதனால் பண்ணையாள் ஒரு துண்டு நிலம் கேட்டு நிற்கவே முடியாத ஏற்பாடு இருந்தது. அந்தக் குறிப்பைத் தொடர்ந்து 1892ல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடி. பத்து வருடம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் கைமாறிப் போனது.

மாமல்லபுரம் வட்டாரக் காரணையில் அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டு மக்கள் அம்பேத்கர் சிலை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். மொஃபட் நூல் வெளிவந்து அப்போது பதினைந்து வருடம்.

மொஃபட்டை வில்லனாக்க மனசு வரவில்லை. சேரிக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை அவ்வளவு நுணுக்கமாக எழுதியவர்கள் அன்று குறைவு, அதை நாம் மறைக்கவும் கூடாது. பிற்பாடு அவர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார், முதலாண்டு மாணவர் வேஷத்தில் ஹாஸ்டலில் தங்கி அமெரிக்க மாணவர்களையும் ஆராய்ந்து 1989ல் புத்தகம் போட்டார். அந்த வேஷம் எண்டாவூரில் பலித்திருக்காது.

தோழியின் நோட்டுகளிலும் முக்கால்வாசி ஆடித் திருவிழாதான். யார் கரகம் எடுப்பது, யாருக்கு முதல் மரியாதை. போன வாரம் அவள் திரும்பிப் போய், அதே திண்ணையில் அதே பாட்டியிடம் வேறு கேள்வி கேட்டிருக்கிறாள்: "கோயிலுக்குப் பின்னாடி இருக்கிற நிலம் யாருதுங்க ஆயா?"

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லையாம். அப்புறம், "நாலு மாசமா வர்ற, இப்பதான் கேக்குற" என்று உள்ளே போய் ஒரு தகரப்பெட்டியை எடுத்துவந்தாராம்.

சமர்ப்பிக்க இன்னும் ஆறு வாரம். திருவிழா அத்தியாயத்தை மூன்றாவதாகத் தள்ளிவிட்டாள். இப்போது வி.ஏ.ஓ. ஆபீசில் அ-பதிவேட்டுக்காகக் காத்திருக்கிறாள்.