பசித்த கைகள் பின்னிய பூக்கள்: குரோஷேயின் வரலாறு



பள்ளி விடுமுறை வந்துவிட்டால், பிள்ளைகள் தொலைக்காட்சியே கதியென்று கிடக்காமல் இருக்க ஒரு குரோஷே ஊசியும் நூலுருண்டையும் வாங்கிக் கொடுப்பது நம் வீடுகளில் புதிதன்று. ஒரு காலத்தில் தோட்டத்து வீடுகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வெள்ளை நூலால் பின்னிய விரிப்பு ஒன்று கட்டாயம் கிடக்கும். அதைப் பின்னியவரைக் கேட்டால், "சும்மா இருந்த நேரத்தில் போட்டது" என்பார். இந்தச் "சும்மா" என்ற சொல்லையே இங்குச் சற்று உரசிப் பார்க்க விரும்புகிறேன். ஏனெனில், இக்கலை உலகில் பரவியது சும்மா இருந்தவர்களால் மட்டுமன்று. உண்ண ஏதுமற்றவர்களாலும் ஆகும்.

முதலில் பெயர். 'குரோஷே' என்பது பிரெஞ்சுச் சொல். சிறு கொக்கி என்று பொருள். மலாய் மொழியிலும் இதனை 'மெங்காயித்' என்றே கூறுவர். 'காயித்' என்றால் கொக்கி. தமிழில் கொக்கிப் பின்னல் எனலாம். தமிழ்நாட்டில் பலர் 'குரோஷா' என்பர். இரண்டு ஊசிகளால் பின்னும் கம்பளிப் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியின்மேல் காத்திருக்கும். கொக்கிப் பின்னலிலோ பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் உயிரோடிருக்கும். அதனுள் நூலை இழுத்தால் அடுத்த கண்ணி பிறக்கும். ஆகவே பாதியில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகலாம். திரும்பி வந்து தொடரலாம். இந்தச் சிறு வசதி பின்னால் பெரிய வேலை செய்தது.

இக்கலை எகிப்திலோ அரபு நாட்டிலோ சீனத்திலோ பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் தோன்றியது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் பாலுடான் என்னும் ஆய்வாளர் இதனைத் தேடிப் பார்த்தார். ஐரோப்பாவில் 1800ஆம் ஆண்டுக்கு முன் இக்கலை இருந்தமைக்கு உறுதியான சான்று அவருக்குக் கிடைக்கவில்லை. 1820களில் நெதர்லாந்தில் வெளிவந்த 'பெனலோப்பே' என்னும் மகளிர் இதழில்தான் குரோஷே பின்னல் முறைகள் முதன்முதலில் அச்சேறின என்பர். ஆக, நாம் பாட்டி காலத்துக் கலை என்று எண்ணுவது உண்மையில் மிக இளைய கலை. (பழமை என்றால்தான் பெருமை என்ற நம் பழக்கத்துக்கு இது சற்றுக் கசக்கும்.)

இனி அயர்லாந்துக்கு வருவோம். 1845இல் அந்நாட்டு உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் தாக்கியது. ஏழைகள் உருளைக்கிழங்கை மட்டுமே நம்பி வாழ்ந்த நாடு அது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் பசியாலும் நோயாலும் மடிந்தனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். பஞ்சம் ஒரு நாட்டு மக்களை எப்படிக் கடல் கடக்க வைக்கும் என்பதை, 1876ஆம் ஆண்டின் தாது வருடப் பஞ்சத்தைக் கேள்விப்பட்ட நமக்கு விளக்க வேண்டியதில்லை.

அப்பஞ்ச காலத்தில்தான் கொக்கி ஊசி பிழைப்புக் கருவியாயிற்று. கார்க் நகருக்கு அருகில் பிளாக்ராக் என்னுமிடத்திலிருந்த உர்சுலைன் கன்னிமடத்துச் சகோதரிகள் ஏழைப் பெண்பிள்ளைகளுக்குக் குரோஷே கற்பித்தனர். வடக்கே மோனகன் மாவட்டத்தில் குளோனிஸ் என்னும் சிற்றூருக்கு 1847இல் தாமஸ் ஹேண்ட் என்னும் மதகுரு பணியேற்று வந்தார். அவருடைய மனைவி கசாண்ட்ரா ஹேண்ட், ஊராரின் நிலை கண்டு, கில்டேர் மாவட்டத்தில் ஏற்கெனவே குரோஷே கற்பித்து வந்த ராபர்ட்ஸ் அம்மையாரிடமிருந்து ஓர் ஆசிரியையை வரவழைத்தார். சில ஆண்டுகளிலேயே குளோனிஸ் வட்டாரத்தில் ஏறத்தாழ 1,500 பேர் இத்தொழிலில் ஈடுபட்டிருந்தனர். ஒரேயொரு ஆசிரியை வந்து மூட்டிய நெருப்பு அது என்பதை, ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம்.

இவர்கள் பின்னியது வெனிஸ் நகரத்து விலையுயர்ந்த ஊசி லேஸைப் பார்த்து. அந்த லேஸின் ஒரு சிறு பட்டையை ஊசியால் தைத்து முடிக்க நெடுங்காலம் ஆகும். கொக்கியால் அதே தோற்றத்தை மிகக் குறைந்த நேரத்தில் கொண்டுவர முடிந்தது. முதலீடும் இல்லை. கம்பித் துண்டின் நுனியை வளைத்து மரக்கட்டையில் செருகினால் ஊசி ஆயத்தம்.

அதைவிட வியப்பு, வேலையைப் பங்கிட்ட முறை. ரோஜா, மூவிலைக் கிளை, திராட்சைக் கொத்து என மோட்டிஃப் எனப்படும் தனி உருக்களை ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே பின்னினர். பூவிதழ் எழுந்து நிற்க, தடித்த நூலொன்றை உள்ளே வைத்து அதைச் சுற்றிப் பின்னினர். சில உருக்கள் ஒரு குடும்பத்துக்கே உரியவை; அடுத்த வீட்டார் பார்த்துவிடாமல் மறைத்துப் பின்னியதும் உண்டு. பிறகு கைதேர்ந்த ஒருத்தி அவற்றையெல்லாம் துணியில் பரப்பிப் பொருத்தி, இடைவெளிகளைச் சங்கிலித் தையல் வலையால் நிரப்புவாள். அவ்வலையில் ஆங்காங்கே வரும் சிறு உருண்டை முடிச்சுக்குக் 'குளோனிஸ் முடிச்சு' என்றே பெயர். ஒரே கழுத்துப்பட்டையில் பல குடிசைகளின் கைகள் இருந்தன.

அக்காலத்தில் இப்பின்னலைப் புத்தகங்களின் வழியே வீடுதோறும் சேர்த்தவர் எலியனோர் ரியேகோ டி லா பிராங்ஷார்தியேர் என்னும் நீண்ட பெயருடைய அம்மையார். தந்தை பிரெஞ்சுக்காரர், தாயார் ஐரிஷ்காரர். 1840களில் தொடங்கிப் பல பத்துக் கைவேலை நூல்களை வெளியிட்டார். ஐரிஷ் குரோஷேயைக் கண்டறிந்தது தாமே என்றும் உரிமை கொண்டாடினார். அதை நான் முழுதும் ஏற்கவில்லை. புத்தகம் வாங்கக் காசிருந்தவர்களுக்கு அவர் ஆசிரியர். குடிசைப் பெண்களோ பக்கத்திலிருந்த கையைப் பார்த்தே கற்றனர்.

புத்தகம் பார்த்துக் கற்போர்க்கு ஓர் எச்சரிக்கை: பிரிட்டிஷ் நூல்கள் 'டபுள் குரோஷே' என்று கூறும் தையலையே அமெரிக்கர் 'சிங்கிள் குரோஷே' என்பர். நம் நாட்டில் இரு வகை நூல்களும் புழங்குவதால், பாதி வழியில் பூ கோணிக்கொண்டால் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். எளிய தொடக்கம் தட்டையான வட்டம். அமெரிக்க முறைச் சிங்கிள் குரோஷே 6 போட்டு, சுற்றுக்கு 6 கூட்டிக்கொண்டே போனால் 12, 18, 24 என வளர்ந்து, தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் விரிப்பாகிவிடும். கூடுதலாகக் கூட்டினால் ஓரம் கீரைபோல் சுருளும். அச்சுருளலைக் கொண்டே 1997இல் டைனா டைமினியா என்னும் கணிதப் பேராசிரியை, தாளில் காட்டக் கடினமான அதிபரவளைய வடிவியலைக் கையில் தொட்டு உணரும்படி பின்னிக் காட்டினார்.

ஐரிஷ் லேஸுக்கு இலண்டனிலும் பாரிஸிலும் நல்ல விலை கிடைத்தது. பின்னியவளுக்குக் கிடைத்ததோ இடைத்தரகர் கொடுத்ததுதான். ஆயினும் அக்காசில் வாடகை கட்டியோர் உண்டு. அமெரிக்காவுக்குக் கப்பல் கட்டணம் சேர்த்தோரும் உண்டு. 1880களுக்குப் பிறகு சுவிட்சர்லாந்து எந்திரங்கள் இதைப்போன்ற தோற்றமுடைய லேஸை மலிவாக உருவாக்கின. உண்மையான குரோஷேயை அவ்வெந்திரங்கள் பின்னவில்லை; அவை செய்தது போலித் தோற்றமே. ஆனால் வாங்குபவர் கண்ணுக்கு அது போதுமானதாயிருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் உடைநாகரிகமும் மாறவே, தொழில் நலிந்தது.

இதே கதை நம்மவர்க்கு இன்னும் அருகில், ஆந்திரத்தின் கோதாவரிக் கழிமுகத்திலுள்ள நரசாபுரத்தில் நிகழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் கிறித்தவச் சமயத் தொண்டர்கள் அங்கே ஏழைப் பெண்களுக்கு இப்பின்னலைக் கற்பித்தனர். அது வளர்ந்து, பெரும் ஏற்றுமதித் தொழிலாயிற்று. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட 'நரசாபுரத்து லேஸ் பின்னுவோர்' என்னும் நூலில் வருந்தத்தக்க உண்மையொன்றைப் பதிவு செய்தார். நாள்தோறும் பல மணிநேரம் உலகச் சந்தைக்காகப் பின்னிய அப்பெண்களை வணிகர்கள் தொழிலாளர் என்று கருதவில்லை. வீட்டிலிருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்றனர். ஓய்வு நேரத்துக்கு யார் முழுக்கூலி கொடுப்பார்? அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து தொடரலாம் என்ற அந்த ஒற்றைக் கண்ணியின் வசதியே அவர்களுக்கு எதிராகத் திரும்பியது.

பள்ளிக் கேண்டீன் நாளில் மாணவர்கள் தாம் பின்னிய புத்தகக் குறிகளையும் சாவிக்கொத்துப் பூக்களையும் விற்பனைக்கு வைப்பதுண்டு. விலை எவ்வளவு என்று கேட்டால், நூல் வாங்கிய காசை மட்டும் கூட்டிச் சொல்வார்கள். ஒரு சிறு குறிப்பேட்டில் நூலின் விலையோடு, ஒவ்வொன்றையும் பின்ன எத்தனை மணிநேரமாயிற்று என்பதையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஆண்பிள்ளைகளிடமும் ஊசியைக் கொடுங்கள். அவர்கள் குறிப்பேட்டிலும் அதே மணிக்கணக்குத்தான் வரும்.