எழுபது வயசு: சபைக்கு எக்ஸிட், ஆஸ்பத்திரிக்கு என்ட்ரி

உத்திரமேரூர்னாலே குடவோலை. நம்ம பதிவர்கள் அதை அக்குவேறு ஆணிவேறா அலசிட்டாங்க. அதனால நான் எடுத்துக்கிட்டது அதுல ஒரே ஒரு விதி. வயசு.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல முதலாம் பராந்தகன் காலத்து சாசனம் ரெண்டு இருக்கு. கி.பி. 919-ல் வெட்டினதுல, வாரியத்துக்கு நிக்கறவர் 30 வயசுக்கு மேல, 60க்குள்ள இருக்கணும். 921-ல் வெட்டினதுல அது 35லேர்ந்து 70 ஆயிடுது. ரெண்டே வருஷத்துல பேட்ச் ரிலீஸ் :-) அனுபவசாலிகளை 60லயே வீட்டுக்கு அனுப்பறது கட்டுப்படியாகலை போல (இது என் ஊகம் தான்).

சரி, 70 தாண்டின பெரியவருக்கு உடம்பு முடியலைன்னா? அதுக்கு திருமுக்கூடல் போகணும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடற இடம். அங்க வெங்கடேசப் பெருமாள் கோயில்ல வீரராஜேந்திர சோழனோட நீளமான கல்வெட்டு ஒண்ணு இருக்கு, 11ஆம் நூற்றாண்டு. அதுல ஒரு ஆஸ்பத்திரியோட பட்ஜெட்டே இருக்கு. பேரு வீரசோழன், 15 படுக்கை. ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருத்தர், மூலிகை கொண்டு வர ரெண்டு பேர், நோயாளிகளைப் பார்த்துக்க ரெண்டு பெண்கள். நோயாளிக்கு தினம் ஒரு நாழி அரிசி. வைத்தியருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். ஒரு வருஷத்துக்கு எந்த மருந்து எவ்வளவு இருப்பு வைக்கணும்ங்கற லிஸ்ட்டு கூட இருக்கு.

படிக்கறப்போ புல்லரிக்கும். ஆனா அந்த 15 படுக்கை கோயில் வேலைக்காரங்களுக்கும், அங்க இருந்த பாடசாலையில படிச்சவங்களுக்கும் தான். வெளிய ஏர் ஓட்டினவன் பேரு அந்தக் கணக்குல இல்லை. நம்ம கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸ் மாதிரியே தான். ஐடி கார்டு இருந்தா உள்ளே.

இந்தப் பழக்கம் ரொம்ப நாள் போச்சு. 1952-ல் ஆரம்பிச்ச ஈ.எஸ்.ஐ., 1954-ல் டெல்லியில ஆரம்பிச்ச சி.ஜி.எச்.எஸ். ரெண்டுமே சம்பளப் பட்டியலை வச்சுத் தான். 2009-ல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், அதுக்குப் பதிலா 2012 ஜனவரியில வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் தான் இங்க விவசாயி வீட்டையும் கணக்குல சேர்த்தது. 2024 அக்டோபர் 29-ல் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத்தை 70 வயசு ஆன எல்லாருக்கும், வருமானம் பார்க்காம நீட்டிச்சது. பராந்தகன் கதவைச் சாத்தின அதே வயசுல இங்க கதவு திறக்குது!

இதையெல்லாம் நான் தோண்டினதுக்குக் காரணம் எங்க பெரியப்பா. ஒரு தொழிற்சாலையில (பேர் வேணாம்) ஆபரேட்டரா இருந்து 58ல ரிட்டயர் ஆனார். சால்வை போட்ட அன்னிக்கே குரூப் இன்ஷூரன்ஸ் கட். இப்ப 61, சர்க்கரை வேற. "எழுபதானா கார்டு குடுக்கறாங்களாமே, அப்ப பாத்துக்கலாம்டா"ங்கறார்.

அமெரிக்காவுல 1965-ல் சட்டமான மெடிகேர்ல, 65 வயசை ஒட்டி ஏழு மாசம் டைம். வேற காப்பீடு இல்லாம அதை விட்டா, டாக்டர் செலவுக்கான பகுதியில தாமதிச்ச ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் பிரீமியம் 10 சதவீதம் ஏறும், ஆயுசுக்கும். நம்ம ஊர்ல லேட் ஃபீ கிடையாது. அதான் பெரியப்பா மாதிரி ஆளுங்க அசால்ட்டா இருக்காங்க. நடுவுல இருக்கற ஒன்பது வருஷத்துல ஒரு ஸ்டென்ட் வச்சா என்ன பண்றது? பெரியம்மா அவரை விட அஞ்சு வயசு சின்னவங்க. 70 வயசு கார்டு 70 ஆனவருக்கு மட்டும் தான், வீட்டுக்காரம்மாவுக்குத் தானா வராது.

முதலமைச்சர் திட்டத்துல வயசுக் கணக்கே இல்லை. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும் (2022க்கு முன்ன 72,000). வி.ஏ.ஓ. கிட்ட வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ் மையம். ஏற்கெனவே சர்க்கரை இருக்குன்னு தள்ள மாட்டாங்க. பி.எஃப். பென்ஷனும் கால் காணி நிலமும் வச்சிருக்கற பெரியப்பா இதுக்குள்ள தாராளமா வருவார். அப்போ சேர வேண்டிய நேரம் சால்வை போட்ட அதே மாசம் தான், 70 இல்லை. தனியார் பாலிசின்னா இன்னும் முன்னாடியே. ஏற்கெனவே உள்ள நோய்க்கு அங்க மூணு வருஷம் வரைக்கும் காக்க வைக்கலாம்.

ரிட்டயர் ஆகறப்போ ஈ.எஸ்.ஐ.ல இருந்து, 5 வருஷமாவது அதுல கழிச்சவங்க வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினா தனக்கும் துணைக்கும் வைத்தியம் தொடரும். பெரியப்பாவுக்கு சம்பளம் உச்சவரம்பைத் தாண்டினதால அந்தக் கதவு இல்லை.

இன்னொண்ணு. 70க்கு ஆதாரம் ஆதார்ல இருக்கற வயசு தான். கிராமத்துல பாதிப் பேருக்கு அது குத்துமதிப்பு. எங்க ஆயாவுக்கும் அவங்க மூத்த மகளுக்கும் ஆதார்படி பன்னெண்டு வயசு தான் வித்தியாசம் :-) திருத்தணும்னா இப்பவே.

திருமுக்கூடல் போறவங்க, எதிர்க்கரையில பழையசீவரம் மலைக்கோயிலையும் பார்த்துட்டு வாங்க. வெயிலுக்கு முன்னாடி ஏறிடுங்க.