தண்ணீர்விட்டான் கிழங்கு: தாய்மார்களின் மருந்து



பிள்ளை பெத்தவளுக்குப் பால் ஊற வேண்டும் என்றால் நம்ம சேலம், நாமக்கல் பக்கத்துப் பெரியவங்க தண்ணீர்விட்டான் கிழங்கைச் சொல்வாங்க. அதன் கதையை இந்த மலரில் எழுதுகிறேன்.

இது முள்ளுக் கொடி. கொல்லிமலை, சேர்வராயன் மலைக் காடுகளில் தானாக வளரும். மண்ணுக்கடியில் விரல் விரலாகக் கொத்துக் கிழங்கு இருக்கும். உள்ளே நீர் கோத்திருக்கும். எங்க அம்மாயி கிழங்கைக் கழுவி, தோலை உரித்து, நடு நரம்பை உருவி எடுத்துவிட்டு, காயவைத்து இடிப்பார். அந்தப் பொடியைப் பாலில் கலந்து கொடுப்பார்.

சித்த மருத்துவத்தில் உடல் சூடு, வெள்ளைப்படுதல், நீர்க்கடுப்பு, பால் குறைவு ஆகியவற்றுக்கு இது மருந்து. ஆயுர்வேதத்தில் இதன் பெயர் சதாவரி. நூறு வேர் உள்ளது என்று பொருள் சொல்வார்கள். யுனானியில் சதாவர். இலங்கையில் ஹாத்தாவாரிய என்று சொல்லி, இலையில் கஞ்சி காய்ச்சுகிறார்கள். சீனாவில் இதன் இனத்துக் கிழங்கு ஒன்றை வறட்டு இருமலுக்குக் கொடுக்கிறார்கள். கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடிஸ் 1-ஆம் நூற்றாண்டிலேயே இந்த இனத்து வேர்க் கசாயத்தை நீர் பிரியாதவர்களுக்குச் சொன்னார்.

இத்தனை தேசம் நம்பினாலும், பால் ஊறுமா என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1996-இல் இந்தியாவில் பால் குறைவான தாய்மார்களுக்குச் சதாவரி கலந்த மருந்தைக் கொடுத்தார்கள். வெறும் மருந்து கொடுத்தவர்களைவிடப் பால் கூடவில்லை. 2011-இல் வெளியான இன்னொரு ஆய்வில், 60 தாய்மார்களில் கிழங்கு சாப்பிட்டவர்களுக்குப் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் கூடியது. ஆக, முடிவு இன்னும் உறுதியாகவில்லை.

அதனால் ஒன்று சொல்கிறேன். பச்சைக் குழந்தைக்குப் பால் பத்தவில்லை என்றால், "பொடி சாப்பிடு, ஊறிடும்" என்று சொல்லிவிட்டு நாள் கடத்தாதீங்க. குழந்தை எடை ஏறவில்லை, சிறுநீர் குறைவாகப் போகிறது, சோர்ந்து கிடக்கிறது என்றால் அன்றைக்கே கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டுங்க. அடிக்கடி பால் கொடுப்பதும், குழந்தை மார்பைச் சரியாகக் கவ்வுவதும்தான் பால் சுரக்க முதல் வழி. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் கிழங்கைச் சாப்பிட வேண்டாம்.

பொடி செய்து விற்க நினைக்கும் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை: நோய்க்கு மருந்து என்று சொல்லிச் சித்த மருந்து தயாரித்து விற்க, 1940-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேணும்.

அம்மாயிமார் கொடுத்த அறிவை விட்டுவிட வேண்டியதில்லை. அதோடு நம்ம காலத்து அறிவையும் சேர்த்துப் பேத்திகளுக்குக் கொடுப்போம்.